கூடி அவிழ்த்த முடிச்சுகள்: இந்திய விடுகதை மரபில் அவையும் மொழியும்

விடுகதையைக் குறிக்க இந்திய மொழிகளில் வழங்கும் சொற்கள் பலவாகும். வடமொழியின் 'பிரஹேலிகா' பிராகிருதத்தின் வழியே இந்தியில் 'பஹேலி' ஆயிற்று. பஞ்சாபியில் 'புஜாரத்' என்றும், வங்காளத்தில் 'தாந்தா' என்றும், மராத்தியில் 'உகாணா' என்றும், தெலுங்கில் 'பொடுபு கத' என்றும், மலையாளத்தில் 'கடங்கத' என்றும் வழங்குவர். தமிழில் 'பிசி' என்பது தொல்காப்பியர் ஆண்ட சொல். பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு பிசியையும் யாப்பின் எழுநிலத்துள் ஒன்றாக வைத்து, அதனை இருவகையாகவும் அவர் பகுத்துள்ளார். இப்பெயர்கள் தம்முள் வேறுபட்டவை. ஆயின் இவற்றோடு இணைந்து வரும் வினைச்சொற்களை நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். தமிழில் விடுகதையை ஒருவர் போடுவார், மற்றொருவர் விடுவிப்பார். தெலுங்கில் 'விப்பு' எனும் வினை வருகிறது; அவிழ்த்தல் என்பது அதன் பொருள். இந்தியின் 'பூஜ்னா', உணர்தலைக் குறிக்கும் 'புத்' எனும் வேரிலிருந்து பிறந்தது. மலையாளக் 'கடங்கத'யின் முற்பகுதியைக் கடன் எனக் கொண்டு, விடை கூற இயலாதவர் கேட்டவருக்குக் கடன்படுகிறார் என விளக்குவாரும் உளர். எம்மொழியை எடுத்துக்கொண்டாலும் விடுகதைக்கு இருவர் வேண்டும். தனி ஒருவர் தமக்குத் தாமே விடுகதை போட்டுக்கொள்வதைச் சுட்ட இம்மொழிகளில் இயல்பான வழக்கில்லை.

இருவர் வேண்டும் என்னும் இவ்வெளிய செய்தியை ஆய்வுலகம் போதிய அளவு கருதியதாகத் தோன்றவில்லை. துர்கா பாகவத் 1965இல் வெளியிட்ட நூலும், லுட்விக் ஸ்டெர்ன்பாக் 1975இல் வடமொழி விடுகதைகள் பற்றி வெளியிட்ட நூலும் இத்துறையில் இன்றியமையாதவை. ஜார்ஜஸ், டண்டஸ் ஆகியோர் 1963இல் விடுகதையின் அமைப்பை வரையறுத்த கட்டுரை மொழியியலார்க்குப் பெரிதும் பயன்பட்டது. எனினும் பெரும்பாலான தொகுப்புகளில் வினா ஒரு பக்கமும் விடை மறுபக்கமுமாக அச்சிடப்பட்டிருக்கும். யார் யாரிடம் கேட்டார், கேட்கப்பட்டவர்க்கு விடை முன்னரே தெரியுமா, தெரியாவிடில் அவர் இழப்பது என்ன என்பன அப்பக்கங்களில் இரா. இந்திய விடுகதையின் வரலாறோ பெருமளவும் இவ்வினாக்களைச் சார்ந்தே மாறி வந்துள்ளது.

விடை தெரிந்தோர் அவை

இருக்கு வேதத்தின் முதல் மண்டிலத்து 164ஆம் சூக்தம் 52 மந்திரங்களைக் கொண்டது. தீர்க்கதமசர் பெயரால் வழங்குவது. பன்னிரண்டு ஆரங்களுடைய தேயாத சக்கரம், அதன்மேல் இணை இணையாக நிற்கும் 720 மைந்தர் போன்ற உருவகங்கள் அதில் நிரம்பியுள்ளன. ஆண்டின் மாதங்களையும் 360 பகல், 360 இரவுகளையும் இவை குறிப்பன என்பது எளிதில் விளங்கும். ஏனைய பல மந்திரங்களுக்கு விடை நூலுள் இல்லை. உரையாசிரியர் காலந்தொட்டு இன்றுவரை கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

அசுவமேத வேள்வியில் இடம்பெறும் 'பிரம்மோத்யம்' வேறு வகையினது. தனியே செல்பவன் யார், மீண்டும் மீண்டும் பிறப்பவன் யார், குளிருக்கு மருந்து எது என ஒரு வேள்வியாசிரியர் வினவ, ஞாயிறு, திங்கள், தீ என மற்றவர் விடையிறுப்பார். வாஜசனேயி சம்ஹிதையின் 23ஆம் இயலில் வினாவும் விடையும் அடுத்தடுத்தே உள்ளன. வினவுவோர்க்கும் விடை தெரியும், விடையிறுப்போர்க்கும் தெரியும். எனவே இங்கே புதிர் அவிழ்க்கப்படவில்லை, ஓதப்படுகிறது. தாங்கள் ஒரே அறிவுக்குரிய குழுவினர் என்பதை இருவரும் கேட்போர் முன் நிறுவுகின்றனர்.

பிருகதாரணியக உபநிடதத்தின் மூன்றாம் இயலில் நிலைமை கடுமையாகிறது. சனகனின் அவையில் யாக்ஞவல்கியரின் வினாவுக்கு விடை கூற இயலாத சாகல்யனின் தலை சிதறி விழுந்தது என அந்நூல் கூறுகிறது. பாரதத்தின் ஆரணிய பருவத்தில் யட்சனின் வினாக்களைப் பொருட்படுத்தாது நீர் பருகிய நான்கு உடன்பிறந்தாரும் வீழ்ந்தனர். விடைக்கு உயிரே விலையாகும் இவ்வகை நிகழ்ச்சிகளைக் கொண்டே ஹாய்சிங்கா 1938இல் வெளிவந்த தம் நூலில் விடுகதையைப் போட்டியின் ஒரு வடிவமாகக் கண்டார். வேத இலக்கியத்தின் ஒரு பகுதிக்கு அது பொருந்தும். இந்திய விடுகதை முழுமைக்கும் அதனை விரித்துரைப்பது பொருந்தாது.

பாலி மொழியிலுள்ள 546ஆம் சாதகக் கதை இதற்குத் தக்க சான்றாகும். விதேக நாட்டு அரசன், சிறுவனான மகோசதனின் அறிவைச் சோதிக்க அவனது ஊரார்க்குப் புதிர்கள் அனுப்புகிறான். விடை காணாவிடில் ஊர் முழுவதும் ஆயிரம் பணம் தண்டம் செலுத்தல் வேண்டும். அடியும் நுனியும் ஒன்றுபோல் இழைத்த கருங்காலிக் கழியில் அடி எது என்பது ஒரு புதிர். மகோசதன் கழியின் நடுவே நூல் கட்டி நீரில் இடச் செய்தான். கனம் மிகுந்த அடிப்பக்கம் முதலில் அமிழ்ந்தது. அரண்மனை ஊஞ்சலின் பழைய மணற்கயிறு அறுந்தது, புதிதாக ஒன்று திரித்து அனுப்புக என்பது மற்றொன்று. பழைய கயிற்றின் பருமன் தெரியவில்லை, அதில் ஒரு துண்டை மாதிரிக்கு அனுப்புக என ஊரார் சார்பில் விடை சென்றது. அப்படியொரு கயிறு இருந்ததே இல்லை என்ற அரசனிடம், அவ்வாறாயின் ஊரார் மட்டும் எங்ஙனம் திரிப்பர் எனத் தூதர் வினவினர்.

தருக்கப் புதிர் என இன்று கூறப்படுவதன் தெளிவான பழைய வடிவம் இது. பொருளறிவன்று, வினாவின் அமைப்பை ஆராய்வதே இங்கு விடை. மேலும், தண்டம் தனியொருவன் மேலன்று, ஊர்மேல் விழுகிறது. விடை காண்பவன் சிறுவனாயினும், அதனை எடுத்துச் சென்று உரைப்போர் ஊரார். அரசனும் ஊரும் எதிரெதிர் நிற்க, ஊருக்குள் புதிர் கூட்டுப்பணியாகிறது.

கோட்டியில் பிரஹேலிகா

வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் எண்ணும் 64 கலைகளுள் பிரஹேலிகாவும் ஒன்று. அதனை அடுத்தும் அண்மையிலும் பாடலின் இறுதி எழுத்தைப் பற்றி அடுத்த பாடல் தொடுத்தல், நாப்பிறழும் தொடர்களை ஒப்பித்தல், சமசியையை நிரப்புதல், தேயமொழிகளை அறிதல் முதலியன இடம்பெறுகின்றன. இக்கலைகள் பயிலும் களம் 'கோஷ்டி' எனப்படும் நண்பர் கூட்டம். பழந்தமிழ் 'கோட்டி' என்பதும் இதனையே நினைவூட்டும். கல்வி, அறிவு, ஒழுக்கம், பொருள், வயது ஆகியவற்றால் ஒத்தோர் கூடுவதே கோட்டி என்பது அந்நூலின் விளக்கம். அக்கூட்டத்தில் முற்றிலும் வடமொழியிலும் பேசலாகாது, முற்றிலும் தேயமொழியிலும் பேசலாகாது. இரண்டும் கலந்து பேசுபவனே மதிக்கப்படுவான் என்றும் அந்நூல் அறிவுறுத்துகிறது. மொழிக்கலப்பு குறையன்று, கூட்டத்தின் பண்பு எனக் கூறும் இக்குறிப்பு இந்தியச் சமூகமொழியியல் வரலாற்றில் இன்னும் ஊன்றி நோக்கத்தக்கது.

கி.பி. 7ஆம் நூற்றாண்டினரான பாணபட்டர் காதம்பரியில் சூத்திரக மன்னனின் பொழுதுபோக்குகளை அடுக்கிச் சொல்லுமிடத்து எழுத்துச் சுருக்கம், மாத்திரைச் சுருக்கம், நான்காம் அடியை மறைத்தல், பிரஹேலிகா ஆகியவற்றோடு 'பிந்துமதி'யையும் குறிப்பிடுகிறார். ஒரு செய்யுளின் மெய்யெழுத்துகளை நீக்கி அவற்றின் இடத்தில் புள்ளியிட்டு, உயிர்க்குறிகளை மட்டும் எழுதித் தருவது பிந்துமதி. இழந்த மெய்களை மீட்டு முழுச்செய்யுளைக் காண்பது எதிரிலிருப்போர் வேலை. உயிரையும் மெய்யையும் பிரித்தறியும் எழுத்திலக்கணம் பாடசாலையை விட்டு விளையாட்டுக் களத்திற்கு வந்துவிட்டதை இது காட்டுகிறது.

இவ்விளையாட்டுகளுக்கு இலக்கணம் வகுத்தவர் தண்டி. 7ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காஞ்சியில் பல்லவர் சார்பில் வாழ்ந்தவர் எனக் கருதப்படும் இவர், காவ்யாதர்சத்தின் மூன்றாம் இயலில் பிரஹேலிகாவுக்கு மூன்று பயன்கள் கூறுகிறார். கோட்டியில் விளையாடிக் களித்தல் ஒன்று. பலர் நிறைந்த இடத்தில், அறிந்தோர் மட்டும் உணரும்படி மறைபொருள் பேசுதல் மற்றொன்று. பிறரை மயக்குதல் மூன்றாவது. சேர்த்துக்கொள்ளுதலும் விலக்குதலும் ஒரே கருவியின் இரு முனைகள் என்பதைத் தண்டி மறைக்கவில்லை.

அவர் கூறும் பதினாறு வகைகளை அணியிலக்கண நூலார் பெரும்பாலும் பெயரளவில் கடந்துவிடுவர். மொழியியல் நோக்கில் அப்பட்டியல் வியப்புக்குரியது. மொழியின் எந்தப் படிநிலையில் மறைப்பு நிகழ்கிறது என்பதே அவ்வகைப்பாட்டின் உள்ளீடு. 'சமாகதா' என்பதில் புணர்ச்சி பொருளை மறைக்கும். 'வஞ்சிதா'வில் ஒரு சொல் வழக்கிறந்த மற்றொரு பொருளில் நிற்கும். 'வியுத்கிராந்தா'வில் தம்முள் இயையும் சொற்கள் தொலைவில் பிரிக்கப்படும். இது தொடரியல் மறைப்பு. 'பருஷா'வில் இலக்கண விதிப்படி ஆக்கப்பட்டும் எவரும் வழங்காத சொல் வரும். சமாகதாவுக்கு அவர் தரும் எடுத்துக்காட்டில், ஊடிய தலைவியிடம் தலைவன் தன் நெஞ்சம் குற்றத்தின் சுவை அறியாதது என்கிறான். 'குற்றம்' என்னும் பொருளுடைய சொல் புணர்ச்சியால் திரிந்து, கேட்போர்க்குப் 'பால்' எனும் சொல்லாக ஒலிக்கிறது. தலைவிக்கு விளங்குவது சுற்றியிருப்போர்க்குப் பொருளற்ற பால் பேச்சாகத் தோன்றும். தண்டி கூறிய இரண்டாம் பயன் இதுவே.

இவற்றுள் 'சங்கியாதா' எனும் எண்ணுவகைக்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டு தமிழர்க்குத் தனி ஆர்வம் ஊட்டுவது. நடுவில் மூக்கொலி உடையதும், சுற்றிலும் நான்கு வர்ணங்களால் அணிசெய்யப்பட்டதுமான ஒரு நகர் உண்டு. அதன் அரசர் எட்டு வர்ணப் பெயரினர் என்பது புதிர். நால்வகை வருணத்தார் சூழ்ந்த நகர் எனக் கேட்போர் முதலில் கொள்வர். வர்ணம் என்பது எழுத்தொலியையும் குறிக்கும் என்பது நினைவுக்கு வந்ததும் முடிச்சு அவிழ்கிறது. 'காஞ்சீ' என்பதில் க், ஆ, ஞ், ச், ஈ என ஐந்து ஒலிகள். நடுவண் நிற்பது ஞகரம். அரசர் பெயர் 'பல்லவாஃ': ப், அ, ல், ல், அ, வ், ஆ, இறுதியில் விசர்க்கம் ஆக எட்டு.

இதே புதிரைத் தமிழ் எழுத்துக் கணக்கில் விடுவிக்க முயன்றால் இயலாது. 'காஞ்சி' மூன்றெழுத்து. ஞகர ஒற்று நடுவில்தான் நிற்கிறது. ஆனால் அதனைச் சூழ்ந்தவை இரண்டே. 'பல்லவர்' ஐந்தெழுத்து. உயிர்மெய் இரண்டன் கூட்டம் என்பது தமிழ் இலக்கணம் நன்கறிந்த உண்மை; எனினும் எழுத்தெண்ணும்போது அதனை ஒன்றாகவே கொள்வது மரபு. ஆகவே காஞ்சி நகரிலேயே வாழ்ந்து, வடமொழி எழுத்திலக்கணம் பயிலாத ஒருவர்க்குத் தம் ஊர்ப்பெயரே விடையாக அமைந்த புதிர் மூடிய கதவாக இருந்திருக்கும். ஒலியன், அசை, எழுத்து ஆகியவற்றுள் எதனை அலகாகக் கொள்வது என்னும் உடன்பாடு முன்கூட்டியே கூட்டத்தில் இருந்தால்தான் விளையாட்டு நிகழும். தண்டியின் நூலைத் தழுவிய தமிழ்த் தண்டியலங்காரம் சித்திரகவி வகைகளுள் எழுத்துவருத்தனம், அக்கரச்சுதகம், வினாவுத்தரம் ஆகியவற்றைக் கூறுகையில் தமிழ் எழுத்தையே அலகாகக் கொள்கிறது. வேறு அவைக்கு வேறு கணக்கு. 2021இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'வேர்டில்' எனும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்புதிரை இந்திய மொழிகளில் ஆக்க முயன்றோரும் உயிர்மெய்யை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்னும் இவ்வினாவை எதிர்கொள்ள நேர்ந்தது.

அவைக்கு வெளியே நின்றோர் பற்றிய கவலை அக்காலத்திலேயே எழுந்தது. பிரஹேலிகாவைக் குறிப்பிடும் பாமகர், செய்யுளும் சாத்திரம் போல உரையால் மட்டுமே விளங்கும் எனின் அது அறிஞர்க்கே திருவிழா, அறிவு குறைந்தோர் மாண்டனர் என இரங்குகிறார். பட்டி தம் காவியத்தின் இறுதியில் ஏறத்தாழ இதே கருத்தைப் பெருமிதத்தோடு கூறிக்கொள்கிறார். ஒருவர் குறையாகக் கண்டதை மற்றவர் சிறப்பாகக் கொண்டார். 14ஆம் நூற்றாண்டின் விசுவநாதர், சுவைக்குத் தடையாதலின் பிரஹேலிகா அணியே அன்று என விலக்கினார். தனியே படிக்கும் ஒருவரின் இன்பத்தை அளவுகோலாகக் கொண்டால் விசுவநாதர் கூற்றில் பிழையில்லை. கோட்டியில் பத்துப் பேர் சேர்ந்து தவறிய விடைகளை நகைத்துத் தள்ளிக்கொண்டு செல்லும் இன்பத்தை அவர் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

கணித நூல்களும் இத்தோழமை வழக்கிற்கு விலக்கல்ல. 1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் கணக்குகள் 'நண்பா' என்றும் 'பெண்ணே' என்றும் விளித்தே கேட்கப்படுகின்றன. ஒரு வண்டுக் கூட்டத்தின் பாதியின் வர்க்கமூலம் ஒரு பூவுக்கும், ஒன்பதில் எட்டுப் பங்கு மற்றொரு பூவுக்கும் செல்ல, ஓர் ஆண் வண்டும் பெண் வண்டும் எஞ்சின எனில் மொத்தம் எத்தனை என்பது அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, விடை 72. விதியை மட்டும் கற்பிக்க இவ்விளி வேண்டியதில்லை. 1587இல் அக்பர் அவையின் பைஸி இந்நூலைப் பாரசீகத்தில் பெயர்த்தார்.

இரு மொழியாளர் கூட்டம்

பாரசீகமும் வடநாட்டுப் பேச்சுமொழியும் ஒரே அவையில் ஒலித்த சூழலில் விடுகதை மற்றொரு திருப்பத்தை அடைந்தது. அமீர் குஸ்ரோ (1253–1325) பெயரால் வழங்கும் இந்தவி விடுகதைகளின் ஆசிரியர் அவரே என்பதற்குப் பழைய ஏட்டுச்சான்று குறைவு. அவை மிகுதியும் வாய்மொழியில் வளர்ந்தவை. ஸ்பிரெங்கர் திரட்டிப் பெர்லின் நகரில் பாதுகாக்கப்பட்ட ஏட்டைக் கோபி சந்த் நாரங் வெளிப்படுத்திய பின்னரும் இவ்வழக்கு முற்றாகத் தீரவில்லை. ஆசிரியர் யாராயினும், இவ்வடிவங்கள் ஒரு கூட்டத்தின் மொழியறிவைத் துல்லியமாகப் பதிவு செய்துள்ளன.

'தோ சுகனே' என்பது இரு வினாக்களுக்கு ஒரே விடை கூறும் வகை. சமோசா உண்ணப்படாமைக்கும் காலணி அணியப்படாமைக்கும் காரணம் ஒன்றே: 'தலா' இல்லை. பொரித்தது என்பதும் அடித்தோல் என்பதும் அச்சொல்லின் இருபொருள்கள். இதன் அரிய உட்பிரிவில் முதல் வினா பாரசீகத்திலும் இரண்டாவது இந்தவியிலும் இருக்கும். வணிகனுக்கு வேண்டுவது எது எனப் பாரசீகத்திலும், காதறுந்தவனுக்கு வேண்டுவது எது என இந்தவியிலும் வினவுவர். முதலாவதற்குத் 'துகான்', அதாவது கடை. இரண்டாவதற்குத் 'தோ கான்', அதாவது இரு காதுகள். உகர ஓகர வேறுபாட்டை அரபு–பாரசீக எழுத்து காட்டுவதில்லையாதலின் எழுத்தில் இவை இன்னும் நெருங்கிவிடுகின்றன. பாரசீகம் மட்டும் அறிந்த அவைப்புலவனும், இந்தவி மட்டும் பேசும் கடைத்தெருவினனும் இதனை விடுவிக்க இயலாது. அருகருகே அமர்ந்தால் ஆளுக்குப் பாதி விடை கிடைக்கும். காமசூத்திரம் கூறிய கலப்புமொழிக் கோட்டி வேறு மொழிகளோடு மீண்டும் கூடியிருப்பதை இங்குக் காணலாம்.

'முகரி' அல்லது 'கஹமுகரி' இரு தோழியர் உரையாடலாக அமைவது. ஒருத்தி மூன்றடிகளில் ஒன்றை விவரிப்பாள். காதலனைச் சொல்கிறாயா தோழி என மற்றவள் கேட்க, இல்லை தோழி என மறுத்து விளக்கையோ நிலவையோ விசிறியையோ விடையாகக் கூறுவாள். 'முகர்னா' எனில் சொன்னதை மறுத்தல். இங்குப் புதிருக்கு இரு விடைகள் உள. தோழி கண்ட விடை தவறன்று, மறுக்கப்பட்ட விடை மட்டுமே. இதற்கு இலக்கணம் துணை நிற்கிறது. 'வஹ்' எனும் இந்திப் படர்க்கைப் பெயர் ஆண், பெண், பொருள் என்னும் வேறுபாடு காட்டாது. ஆனால் இறந்தகால வினைமுற்று பால் காட்டும். ஆகவே அத்தகைய வினை வருமிடத்து விடைச்சொல் ஆண்பாலாக இருந்தாலன்றிக் காதலன் எனும் ஐயம் எழாது. பழைய நிகழ்கால ஐகார ஈற்று வினைகள் பால் காட்டாதவை. அவற்றை ஆளும் முகரிகளில் பெண்பால் விடைகளும் தங்குதடையின்றி நுழைகின்றன. தமிழில் அஃறிணை வினைமுற்று முதல் அடியிலேயே காதலனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இவ்வடிவத்தை அப்படியே பெயர்ப்பது அரிது.

முகரிகள் பெண்கள் பேச்சாக அமைந்தும் ஏட்டில் ஆண்புலவர் பெயரையே தாங்கியுள்ளன. பெண்கள் தாமே கேட்டுத் தாமே விடுவித்த விடுகதைகளைத் தேடி ஏடுகளைப் புரட்டுவதில் பயனில்லை. திருமண வீட்டையும் அறுவடைக் களத்தையுமே நாட வேண்டும். மராத்தியில் கணவன் பெயரைப் பாட்டுக்குள் பொதிந்து கூறும் உகாணா இன்றும் திருமணங்களில் வழங்குகிறது. நடு இந்தியப் பழங்குடியினரிடையே வெரியர் எல்வின், ஆர்ச்சர் ஆகியோர் திரட்டிய விடுகதைகள் 1943இல் 'மேன் இன் இந்தியா' இதழில் வெளிவந்தன. விடுகதை நிகழும் தருணங்களையும் கருத்திற்கொண்ட இத்தகைய தொகுப்புகள் பின்னர் மிகவில்லை என்பது வருந்தத்தக்கது.

அச்சு வந்தபின் கூட்டம் கலையவில்லை, உருமாறிற்று. பாரதேந்து ஹரிச்சந்திரர் (1850–1885) 1884இல் வெளியிட்ட 'நயே ஜமானே கீ முகரீ' எனும் தொகுதியில் அதே இரு தோழியர் பேசுகின்றனர். சீழ்க்கையடித்து அழைப்பவன், பணம் பெற்றபின் அருகில் அமர்த்திக்கொள்பவன், இழுத்துக்கொண்டு ஓடுபவன் காதலனோ எனக் கேட்டவளுக்குக் கிடைக்கும் விடை இரயில். பெரியோரைப் பழிப்பதும் உள்ளீடின்றிப் பகட்டுவதுமான மற்றொன்றின் விடை ஆங்கிலம். காவல்துறை, செய்தித்தாள், பட்டதாரிகள் ஆகியோரும் இவ்வாறே விடையாக வருகின்றனர். 'ரேல்', 'அங்ரேஜீ' இரண்டும் இந்தியில் பெண்பாற் சொற்கள். பாரதேந்து கட்டிய வினைகளோ 'புலாவை', 'பிடாவை', 'பதாவை' எனப் பால் காட்டாத பழைய ஐகார ஈற்றின. ஆட்சியாளரின் மொழியையும் ஊர்தியையும் வாயிற்படியில் நின்ற காதலனாக வாசகர் ஒரு கணம் மயங்க அந்த ஈறுகளே இடம் தந்தன.